வெண்கலக் கதவும் நாலு கிலோ புளியும்

— லூர்துராஜ் அங்கிள், கதவை யாரு இப்படிப் பண்ணது?

— நான்தாம்மா. ஸ்ம்ருதி மேடம், நீங்க லீவு முடிஞ்சு வாறதுக்குள்ள முடிச்சிரணும்னு தேச்சேன். பாத்தியளா, இதுல மொகம் பாத்துத் தல சீவலாம்!

— அரே! இது மேல பச்சையா இருந்துதே, அது எங்க போச்சு?

— களிம்புதானம்மா? நாலு கிலோ புளி, ரெண்டு வாளி சாம்பல். என் வீட்டுக்காரி இருதயம்மாளும் வந்து தேச்சா. ஆஸ்பத்திரி நர்ஸுல்லா, அழுக்கக் கண்டா அவளுக்கு ஆவாது.

— அழுக்கு இல்ல அங்கிள்! தொண்ணூறு வருஷமா வெண்கலம் தானாவே போட்டுக்கிட்ட சட்டை அது. அதுதான் ஹெரிடேஜ்!

— சட்டைன்னா தொவைக்கணும்லாம்மா?

— விளையாடாதீங்க. புராதனக் கட்டடம்னு போர்டு மாட்ட நாளைக்குக் கமிட்டி வர்றாங்க. இந்தக் கட்டடத்துக்கு நான்தானே பொறுப்பு, என்னைத்தான் கேப்பாங்க. நான் உங்க பேரைச் சொல்லணும். உங்க வேலை போயிடும், தெரியுமா?

— இருவத்திரெண்டு வருசமா இந்த வாசல்ல வாட்ச்மேனா நிக்கேன். பான் துப்ப வாறவன எத்தன பேரத் தொரத்தியிருக்கேன்! கதவுல வார்த்திருக்க இந்த ஒட்டகக்காரன், பருத்தி மூட்டை, தராசு பிடிச்ச சேட்டு, ஒருத்தன் மூக்காவது இதுக்கு முன்ன தெரிஞ்சிச்சா? தேச்ச பொறவுதான் சேட்டு சிரிக்காருன்னே தெரியும்.

— எங்க... சச்சி! நெஜமாவே சிரிக்கிறார்.

— நீங்களும் சிரிச்சிட்டிய.

— நான் ஒண்ணும் சிரிக்கல. இருங்க, போட்டோ எடுக்கணும். அச்சா, இது இடது கதவு... அங்கிள்! வலது கதவுல பச்சை அப்படியே இருக்கு!

— ஆமா. அது... இருக்கு.

— ஏன் விட்டீங்க? புளி தீந்துடுச்சா?

— ஒரு கிலோ மிச்சம் கெடக்கும்மா.

— கை வலியா?

— அதுவும் இல்ல.

— எதுவோ ஒண்ணு, நீங்க பொழச்சீங்க. நானும் பொழச்சேன். கமிட்டியை இந்தப் பக்கமே நிறுத்திடறேன். பாருங்க, இதுதான் ஒரிஜினல். தொண்ணூறு வருஷத்துப் பச்சை! இந்த மாதிரி கலர் எந்தக் கடையிலயாவது கிடைக்குமா?

— கோல் மார்க்கெட்டுல கெடைக்கும்மா.

— என்னது?

— ஐயோ, கைய வைக்காதிய! இன்னும் காயல!

— காயலையா? கையெல்லாம் ஒட்டுதே! எது காயல?

— பெயிண்டு. நேத்து சாயங்காலந்தான் அடிச்சேன்.

— அங்கிள், உங்களுக்குப் பைத்தியமா? நல்லா இருந்த கதவுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா? இதை நான் ரிப்போர்ட்ல எழுதத்தான் போறேன்!

— மெதுவாப் பேசுங்கம்மா, உள்ள ஆளு இருக்கு. போன வருசம் ரிப்பேருக்குன்னு லாரில போயி, எல்லாம் சரியா இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டு எறக்குனியள்லா, அந்தக் கதவும்மா இது. புளி பட்டதும் பச்சை உரிஞ்சு கையோட வந்திட்டு. உள்ள பூரா பிளாஸ்டிக்கு.