தேர்தல் நாளின் காலைக் கஞ்சி

எங்கள் விடுதியில் காலைச் சாப்பாட்டைப் பற்றி இதற்கு முன் எவரும் குறை சொன்னதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா. சமையற்காரி சுந்தரம்மாவின் கைப்பக்குவம் அப்படி. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், சுத்தமான மனுஷி. நீங்கள் கல்வித் திணைக்களத்திலிருந்து இவ்வளவு தூரம் விசாரணைக்கு வந்ததும் அந்தக் கஞ்சியால்தான் என்பதால், அதை ஒழுங்காகவே சொல்கிறேன்.

நான் மார்ஜரி. இந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குடியியல் படிப்பிக்கிறேன். பெண்கள் விடுதியும் என் பொறுப்பு. எனக்குக் கலியாணமாகவில்லை. வேலைக்கு அது வசதி.

பதினெட்டு வயதானவர்களுக்கும் வாக்கு என்று சட்டம் வந்த பிறகும் எங்கள் பிள்ளைகளில் அநேகர் வாக்காளர் பட்டியலில் பதியாமல் இருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கிராம சேவகரை விடுதிக்கு அழைத்தேன். "கொமரிப் பிள்ளைகளை அவங்கவங்க வீட்டுலதான் பதியணும் மிஸ்" என்று அவர் இழுத்தார். தேநீர் கொடுத்து உட்காரவைத்தேன். எல்லாரையும் பதிந்து முடிக்கும்வரை அவருடைய சைக்கிள் சாவி என் மேசைமேல் இருந்தது. அதைக் கட்டாயம் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.

தேர்தல் நெருங்கியதும் வேட்பாளர்களை அழைத்தேன். வாக்கு இருந்தால் போதாது, விளங்கி வாக்களிக்க வேண்டும் என்பது என் கொள்கை. பெரிய கட்சிக்காரர்கள் வரவில்லை. சுயேச்சைகள் இருவர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் குடைச் சின்னக்காரர் ஜவாஹிர். சிவந்த மேனி, சுருள் முடி. வந்தார், சிரித்தார், இரண்டு பகிடி சொன்னார், போனார். பிள்ளைகள் வாசல்வரை ஓடிப்போய் வழியனுப்பினார்கள்.

அடுத்து வந்தவர் சேவல் சின்னக்காரர், திரு. ஒஸ்வல்ட். அவர் வேறு மாதிரி. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். பேச்சின் நடுவே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெள்ளைக் கைக்குட்டையால் முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம் துடைத்து, மெதுவாக மறுபடி மாட்டுவார். விரல்கள் நீளமானவை. தேநீர்க் கோப்பையைச் சத்தம் வராமல் தட்டில் வைப்பார். "நல்ல தேத்தண்ணி, மிஸ் மார்ஜரி" என்று என் பெயரைச் சொன்னார். கொள்கையுள்ள மனிதர் என்று அப்போதே தெரிந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

மறுநாள் வகுப்பில் ஒவ்வொருத்தியையும் எழுப்பி, யாருக்குப் போடுவாய், ஏன் என்று கேட்டேன். இரகசிய வாக்கு என்பது வாக்குச் சாவடிக்குத்தான், வகுப்பறைக்கு அல்ல.

"குடைக்குத்தான் மிஸ். அவரு சிரிச்சா பல்லு எல்லாம் வரிசையா இருக்கு" என்றாள் மஸீனா.

"குடைக்கு. வாப்பா அப்படித்தான் சொல்லியனுப்பினாங்க" என்றாள் நூருன்னிஸா.

பீபி கொஞ்சம் யோசித்தாள். "குடை மழைக்கு ஒதவும் மிஸ். சேவல் விடியக்காலையில கத்தி எழுப்பிவிட்டுரும்."

இப்படியே கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவள்வரை குடை. ஹமீமா ஒருத்திதான் வேறு மாதிரிப் பேசினாள். "ரெண்டு பேரும் சொன்னதை யோசிச்சுத்தான் போடுவேன் மிஸ்" என்றாள். விளங்கி வாக்களிப்பவள் என்று அவளைக் குறித்துக்கொண்டேன். யோசிப்பவள் சேவலுக்குத்தான் போடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஐயா, நீங்கள் படித்தவர். பல்லைப் பார்த்துப் போடும் வாக்கும் ஒரு வாக்கா? ஒருவருடைய முகத்தைப் பார்த்து நாட்டை ஒப்படைக்கலாமா? இதை நான் ஒரு வாரம் யோசித்தேன். அவர்களைப் பதிந்தது நான். ஆகவே அவர்களால் நாட்டுக்கு வரும் கேட்டுக்கும் நானே பொறுப்பு. கைத்துப்பாக்கியைக் கொடுத்தவள் தோட்டாவைக் கழற்றிவைப்பதில் என்ன பிழை?

தேர்தலன்று காலை சுந்தரம்மா பச்சரிசிக் கஞ்சி காய்ச்சினார். அவர் விறகு எடுக்கப் பின்பக்கம் போன நேரத்தில், மருந்துப் பெட்டியிலிருந்த பேதியுப்பைக் கஞ்சியில் கரைத்தேன். கைப்புத் தெரியாமலிருக்க இஞ்சியும் கித்துள் கருப்பட்டியும் தாராளமாகச் சேர்த்தேன். கொடியது எதையும் நான் போடவில்லை. குழந்தைகளுக்குக்கூடக் கொடுக்கும் மருந்துதான் அது. அளவு மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. பிள்ளைகள் ருசியாக இருக்கிறதென்று இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

ஹமீமாவை என் மேசைக்கு அழைத்து, பாண் ரொட்டியும் முட்டையும் கொடுத்தேன்.

சாவடிக்குப் புறப்பட எல்லாரும் சாரி உடுத்தி, தலைக்குப் பூ வைத்து, முற்றத்தில் கூடினார்கள். முதலில் மஸீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள். அவளைப் பார்த்துச் சிரித்த பீபி, சிரிப்பு முடிவதற்குள் பின்னால் ஓடினாள். விடுதியில் நான்கு கக்கூஸ்கள்தான் என்பதை நான் பலமுறை திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறேன். நீங்கள் கவனிக்கவில்லை. அன்று அங்கே நின்ற வரிசையைப் போல ஒழுங்கான வரிசையை எந்த வாக்குச் சாவடியிலும் பார்க்க முடியாது. முதலில் போய்விட்டு வெளியே வந்தவர்கள் அப்படியே வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

நூருன்னிஸா மட்டும் மயங்கி விழுந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேலைன் ஏற்றியதாகச் சொன்னார்கள். நான் பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோனேன். "வாப்பா சொன்னதச் செய்ய முடியாமப் போயிட்டே மிஸ்" என்று அழுதாள். இனிமேலாவது நீயாக யோசி என்று ஆறுதல் சொன்னேன்.

நானும் ஹமீமாவும் வாக்களித்துவிட்டு அலுவிகாரைப் பக்கமாக நடந்து வந்தோம். சேவலுக்குத்தானே என்றேன்.

"இல்ல மிஸ், குடைக்கு."

நான் நின்றுவிட்டேன்.

"சேவல்காரரு நம்ம காலேஜை லக்கலைக்கு மாத்துவேன்னு சொன்னாரே மிஸ். அங்க ஒழுங்கா பஸ்ஸும் இல்ல, ஆனையும் வருது. அதக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன். நீங்க முன்வரிசையிலதானே இருந்தீங்க?"

முன்வரிசையில்தான் இருந்தேன். அவர் அதைச் சொன்னபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பழி சுந்தரம்மாமேல் விழுந்தது. கல்லூரி அதிபர் அவரைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே பிள்ளைகளின் வாக்கைக் கெடுத்தாயா என்று கேட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எனக்குத்தான் ஓட்டே இல்லீங்களே ஐயா" என்றார் சுந்தரம்மா. "நான் இந்தியாவா இந்த ஊரான்னே இன்னும் ஒரு முடிவு வரல. இருக்கிறவங்க ஓட்டக் கெடுத்து நான் என்னாத்தக் காணப்போறேன்?" பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க மிஸ். என் கையப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துணிமூட்டையோடு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினார். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் திரு. ஒஸ்வல்டின் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவள் நான். என் பெயர் கெட்டால் அவருடைய பெயரும் சேர்ந்து கெடும். அந்த நல்ல மனிதருக்கு அப்படி ஒன்று வரவேண்டாம் என்று பொறுமையாக இருந்தேன்.

முடிவு வந்தது. திரு. ஒஸ்வல்ட் தேர்தலுக்குக் கட்டிய கட்டுப்பணத்தையும் இழந்தார். எங்கள் விடுதி முழுவதும் சேவலுக்கே போட்டிருந்தாலும் அவர் தேறியிருக்க மாட்டார் என்று பேப்பரைப் பார்த்தபோது விளங்கியது. தோற்ற மனிதரைத் தேற்றுவது குடிமக்களின் கடமை. ஒரு கேக் செய்துகொண்டு, நல்ல சாரியாக ஒன்றை உடுத்திக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்தபடி இன்னொன்று.

"வாங்க மிஸ், காலேஜ் கூட்டத்துக்குத் தலைமை வகிச்சது நீங்கதானே?" என்றார். "இவரு எந்தக் கூட்டத்துலயும் மொதல்ல என்னைப் பத்தியும் புள்ளைங்களைப் பத்தியும் சொல்லிட்டுத்தான் பேச்சையே தொடங்குவாரு. எனக்கு ஒரே வெக்கமாப் போயிரும்."

கேக்கைக் கொடுத்துவிட்டு, உட்காராமல் திரும்பினேன்.

மறுநாள்தான் உண்மையைச் சொல்லவேண்டுமென்று உங்களுக்கு ஆளனுப்பினேன். இரண்டுக்கும் தொடர்பில்லை. சுந்தரம்மாவைத் திருப்பி எடுங்கள். கஞ்சியில் அவர் போட்டது சமையல் உப்பு மட்டும்தான், மற்ற உப்பு என்னுடையது. என் கைப்பட ஒப்பம் வைக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா: இதில் எனக்கென்று சொந்த விருப்பு எதுவும் இருந்ததில்லை.