பலாவை மிரட்டிய காலை

– அப்பிடித் தொட்டுக் கும்பிடக் கூடாது அக்கா. மெரட்டணும். கொடுவாள ஓங்கி, “இந்த வருஷம் காய்க்கலன்னா வெட்டிச் சாச்சுடுவேன்”னு மூணு தபா சத்தமா சொல்லணும். நான் குறுக்க வந்து, “வோணாம், அடுத்த தை வரைக்கும் பொறுத்துக்கோ”ன்னு கெஞ்சுவேன். அவ்ளோதான். எங்க மாமியா ஊர்ல இப்பிடி மெரட்டித்தான் ஒரு புளியமரம் காய்ச்சுது.

– மனசு வரல அசீசு. கன்னுலேர்ந்து தண்ணி ஊத்தி வளத்த பலா. அத்தப் பாத்து எப்பிடிடி திட்டுவேன்? நீ திட்டு, நான் கெஞ்சுறேன்.

– வளத்தவங்க திட்னாத்தான் ஒறைக்கும். பக்கத்து வூட்டுக்காரி திட்னா மரத்துக்கு இன்னா வந்துது?

– அமலோற்பவம்! அதாவது, நான் ஒண்ணு கேக்குறேன். ஞாயித்துக்கெழம கோயில்ல மொத வரிசையில முட்டி போடுற பொம்பள, புருஷன் பாக்க, மரத்தாண்ட கொடுவாளோட நிக்கிறியே. சாமியார் கேட்டா இன்னா சொல்லுவே?

– நீங்க அந்தக் கெணத்தடிக் கல்லுல ஒக்காந்து பேப்பரப் படிங்க. காய்க்காத அத்திமரத்தப் பத்திப் போன வாரம் பிரசங்கத்துல அரை மணி நேரம் பேசுனதே சாமியார்தான்.

– அதுல அந்த மரத்துக்கு ஒரு வருஷம் வாய்தா குடுத்தாங்க.

– நான் ஒம்பது குடுத்துட்டேன்.

– பேசிக்கினே இருந்தா வெயில் ஏறிடும். ஆரம்பி அக்கா.

– ஏ பலாமரமே...

– சத்தமா! டூரிங் கொட்டாயில கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்.

– ஏ பலாமரமே! ஒம்பது வருஷமா நிக்கிற. சிங்கவரத்துலேர்ந்து தலச்சொமையா எரு கொண்டாந்து கொட்டுறேன். கனகாம்பரத்துக்கு அரைக் கொடம் ஊத்துனா ஒனக்கு நாலு கொடம். அந்தக் கனகாம்பரம் மொழம் மொழமா கடைத்தெருவுக்குப் போவுது. கொய்யா காய்க்குது. செத்துக் கெடந்த எலுமிச்ச கூட பூ வெச்சுடுச்சு. நீ மட்டும் ராஜாகிரிக் கோட்ட மேல கெடக்குற பழைய பீரங்கியாட்டம், வந்தவன் போனவன் பாத்துட்டுப் போவறதுக்குன்னே இருக்குற!

– அப்பிடிப் போடு! இன்னும் ஏத்து!

– காத்தால எழுந்ததும் காப்பி வந்துடணும் ஒனக்கு! சக்கர கொறஞ்சா மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவ!

– அக்கா, மரத்துக்கா காப்பி குடுக்குற?

– கழனித் தண்ணின்னு சொல்ல வந்தேன். வாய் தவறிடுச்சு. நீ கெஞ்சு.

– வோணாம் அக்கா, வோணாம்! வெட்டாத! பண்ருட்டியிலேர்ந்து வந்த நல்ல வம்சத்து மரம். கொணத்துல தங்கம். ஒருத்தர் வம்புக்குப் போவாது. கொஞ்சம் ஒடம்பு வணங்காது, அவ்ளோதான். தெருவே சொல்லுது, மில்லு மூடின நாள்லேர்ந்துதான் இப்பிடி ஆயிடுச்சுன்னு...

– தெரு இன்னாம்மா சொல்லுது?

– அல்லாவே! செபாஸ்தியான் அண்ணே, நான் மரத்தச் சொன்னேன்.

– அதாவது, மில்லு மூடினா மரத்துக்கு இன்னா?

– எறங்கி வராதீங்க. இன்னும் ரெண்டு தபா பாக்கி இருக்குது.

– வருவேன். மரத்துக்கு வாய் இல்ல, அதுக்கு நான் பேசுறேன். அந்தக் கன்ன பண்ருட்டியிலேர்ந்து பஸ்ல மடியில வெச்சுக்கினு வந்தவன் நான்.

– வந்தீங்க. குழி தோண்டி நட்டது நானு. ஆடு கடிக்காம முள்ளு கட்டுனது நானு. பஞ்சாயத்து யூனியன் ஆபீசர் சம்சாரம் தோட்டம் பாக்க வந்தப்போ, “எல்லாம் என் கைராசிம்மா”ன்னு சொன்னது நீங்க.

– பேச்ச மாத்தாத. அதாவது, மரம் சும்மா நிக்கல. தகுந்த காலத்துக்குக் காத்துக்கினு இருக்குது. கொய்யா மாதிரி கண்டவன் பைக்குள்ள போற சாதி இல்ல பலா. அதுக்குன்னு ஒரு அந்தஸ்து இருக்குது. பத்து வருஷம் ரைஸ் மில்லுல தலைமை குமாஸ்தாவா இருந்துட்டு...

– மரமா அண்ணே?

– மரமோ மனுஷனோ! மீச மொளைக்காத பையன் ஒருத்தன் மேனேஜர்னு ஒக்காந்துக்கினு, “என் கீழ சாதா குமாஸ்தாவா நில்லு”ன்னா எந்த மரம் நிக்கும்?

– கேட்டுக்கோ அசீசு. திண்டிவனம் மில்லுலேர்ந்து லெட்டர் வந்து எட்டு நாள் ஆவுது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலன்னா வேற ஆள வெச்சுக்குவாங்களாம். லெட்டர மடிச்சு, ஆடுற ஜன்னலுக்குச் சொருவி வெச்சிருக்காரு.

– ஜன்னல் நெஜமாவே ஆடுது.

– தள்ளுங்க. இது ரெண்டாந்தபா. ஏ மரமே! நாலு வருஷமா நான் பூ கட்டி வித்துத்தான் இந்த வூட்டுல ஒல கொதிக்குது. ஒரு நாளாவது ஒனக்கு உறுத்துச்சா? வாழநாரு அறுத்து அறுத்து வெரலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. எதிர்லயே நிக்கிறியே, “வெரலுக்கு இன்னாடி ஆச்சு?”ன்னு ஒரு வார்த்த கேட்டியா?

– அக்கா, கண்ணுல தண்ணி வருது. நடிப்புதான?

– நடிப்புத்தான். நீ கெஞ்சு.

– எனக்குக் கெஞ்ச வரல அக்கா. இவ்ளோ கேட்டப்பறம் நானும் வெட்டத்தான் சொல்லுவேன்.

– அமலு, கொடுவாளக் கீழ வை.

– மூணாந்தபா இன்னும் சொல்லல.

– சொல்ல வோணாம். கையக் குடு. எப்போலேர்ந்து இப்பிடி இருக்குது?

– மூணு வருஷமா.

– நான் பாக்கல.

– பேப்பர் மறச்சிருக்கும்.

– அதாவது... திண்டிவனத்துக்கு பஸ் எத்தினி மணிக்கு?

– பத்தேகாலுக்கு ஒண்ணு. வெள்ளச் சட்ட தொவச்சு மடிச்சு பொட்டி மேல இருக்குது.

– எப்போ தொவச்ச?

– நேத்து. சும்மாதான் தொவச்சேன்.

– சரி, போறேன். ஆனா ஒண்ணு, அம்மா அசீசுன்னிசா, நீயும் கேட்டுக்கோ. நான் சம்பளத்துக்கோசரம் போவல. இந்த மரத்துக்கோசரம் போறேன். நான் அங்க வேல பாக்குற வரைக்கும் இது மேல யாரும் கத்தி ஓங்கக் கூடாது.

– சிலுவ மேல சத்தியம். போயிட்டு வாங்க.

– அந்தப் பையன் என்ன “சார்”னு கூப்புடலன்னா அடுத்த பஸ்லயே திரும்பிடுவேன்.

– கூப்புடுவான், கூப்புடுவான். லெட்டர எடுத்துக்குங்க. ஜன்னல் ஆடுனா ஆடட்டும்.

– அக்கா, அண்ணன் தெரு முனை திரும்பிட்டாரு. போற வழியில ரெண்டு பேர நிறுத்தி வெச்சு, “மரத்துக்கோசரம் போறேன்”னு சொல்லிட்டுப் போறாரு. அவங்க ஒண்ணும் புரியாம நிக்கிறாங்க.

– சொல்லட்டும், பாவம். பஸ் ஏறுனா போதும்.

– ஆனா எனக்கு மனசு ஆறல. மூணாந்தபா மெரட்டாம வுட்டா பலிக்காதுன்னு மாமியா சொல்லுவாங்க. அண்ணன் பொழப்பு சரியாச்சு, மரத்தோட பொழப்பு அப்பிடியே கெடக்குதே! வா, நான் நல்லா கெஞ்சுறேன், முடிச்சுடலாம்.

– இங்க வா அசீசு. மரத்துக்குப் பின்னால, செவுத்துப் பக்கம். அந்தச் சாக்க மெதுவா தூக்கு.

– அல்லாவே! பிஞ்சு! ஒண்ணு, ரெண்டு, மூணு... அக்கா, அஞ்சு பிஞ்சு! இது எப்போ வுட்டுது?

– பொங்கலுக்கே வுட்டுடுச்சு. பஸ்ஸு கெளம்பற சத்தம் கேக்கற வரைக்கும் மூடி வை.