முன்பக்க இடது சக்கரம்

சத்யப்பிரியா: பெல்ட்ட போட்டுக்குங்க சார். மெதுவா எடுங்க... பங்க் தாண்டினதும் எண்பது புடிங்க.

கோதண்டராமன்: வண்டி ஆடுதுன்னு நாலாவது தடவம்மா இது. உன் வீல் பேலன்சிங் கடைக்கு வந்து வந்தே என் லீவெல்லாம் தீந்துடுச்சு.

சத்யப்பிரியா: ரிம் கம்பெனியில குவாலிட்டி சூப்பர்வைசரு நீங்க. ஊரான் வீலையெல்லாம் ரிஜெக்ட் பண்றீங்க. உங்க வீலு உங்களயே ரிஜெக்ட் பண்ணுது போல.

கோதண்டராமன்: சிரிக்காத சத்யா. நாலு மணிக்கு ஆரணியில இருந்து ஆள் வர்றாரு, வண்டிய வாங்க. ஓட்டிப் பாப்பாரு. ஆடுச்சுன்னா வேணாம்னுடுவாரு. இன்னிக்கு இந்த வண்டி என் வாசல விட்டுப் போயே ஆகணும்.

சத்யப்பிரியா: வாங்கி ரெண்டு வருசம் கூட ஆவல. இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?

கோதண்டராமன்: புடிக்கல. அவ்ளோதான்.

சத்யப்பிரியா: சரி... எண்பது வந்துடுச்சு. ஸ்டியரிங்க லூசா புடிங்க. இன்னா தெரியுது?

கோதண்டராமன்: ஒண்ணும் தெரியல.

சத்யப்பிரியா: சீட்டுல? ஸ்டியரிங் ஆடுனா முன்வீலு, சீட்டு ஆடுனா பின்வீலு.

கோதண்டராமன்: சீட்டுலயும் இல்ல.

சத்யப்பிரியா: பிரேக்க லேசா மிதிங்க... மிதிக்கும்போது மட்டும் ஆடுனா டிஸ்க்கு.

கோதண்டராமன்: இல்லம்மா... அட, நல்லாத்தான் போகுது. மூணு தடவ சரியா வராதது இன்னிக்கு எப்படி வந்துச்சு? என்ன பண்ணின?

சத்யப்பிரியா: அப்பால சொல்றேன். அடுத்த ரைட்டு திரும்புங்க.

கோதண்டராமன்: வல்லம் வடகால் ரோடா? அதான் சரியாயிடுச்சே... திரும்பிடலாம்.

சத்யப்பிரியா: எண்பதுல மட்டும் பாத்தா பத்தாது சார். நாப்பதுலயும் பாக்கணும். இந்த மெயின் ரோட்ல நாப்பதுல போனா லாரிக்காரன் ஏத்திடுவான். அந்த ரோடு இந்நேரத்துக்கு காலியா கீது.

கோதண்டராமன்: அந்தப் பக்கம் நான் போறதில்ல.

சத்யப்பிரியா: உங்க கம்பெனியே அந்த ரோட்லதான கீது?

கோதண்டராமன்: பின்பக்க கேட்டு வழியா சுத்திப் போறேன்... கொஞ்ச நாளா.

சத்யப்பிரியா: பட்டப்பகல்ல இன்னா சார்... ரெண்டே கிலோமீட்டர். ஆரணிக்காரரு வந்து நாப்பதுல ஆடுதுன்னு சொன்னா என்ன கேக்கக் கூடாது.

கோதண்டராமன்: ...சரி. போயிட்டு உடனே திரும்பிடணும்.

சத்யப்பிரியா: திரும்பியாச்சு... இப்ப நாப்பதுலயே போங்க.

கோதண்டராமன்: இதோ... வந்துடுச்சு. வந்துடுச்சு பாரு. கை பூரா அதிருது.

சத்யப்பிரியா: நாப்பதுல வரக் கூடாதே. பேலன்சுக்கு ரிம்முல ஒட்டுற ஈய வெயிட் கம்மியா இருந்தா எண்பதுலதான் காட்டும்.

கோதண்டராமன்: இருபதுக்கு எறக்கிட்டேன்... இன்னும் ஜாஸ்தியாகுது.

சத்யப்பிரியா: எனக்கும் தெரியுது... கதவு வரைக்கும் வருது. அதோ, கம்பெனி பஸ் ஸ்டாப்பாண்ட நிறுத்துங்க.

கோதண்டராமன்: இங்க வேணாம். கொஞ்சம் தள்ளி...

சத்யப்பிரியா: வீலு கழண்டா ரெண்டு பேருக்கும்தான் ஆபத்து. நிறுத்துங்க சார்.

கோதண்டராமன்: ...சீக்கிரம் பாரு.

சத்யப்பிரியா: சாவிய குடுங்க. டிக்கியில ஸ்பேனர் கீது. நீங்க எறங்க வேணாம், ஸ்டியரிங்க நேரா புடிச்சுகினு உக்காருங்க.

கோதண்டராமன்: என்னம்மா... நட்டு லூசா?

சத்யப்பிரியா: நட்டு டைட்டா கீது. டயர்ல வீக்கம் இல்ல. ரிம்மும் நேராத்தான் கீது... சார், இந்த ஸ்டாப்புல மார்கழியில ஒரு பையன் அடிபட்டு செத்தான். கேள்விப்பட்டீங்களா?

கோதண்டராமன்: பேப்பர்ல பாத்தேன். இவனுங்க மேலயும் தப்பு இருக்கு. பனியில ரெண்டு லைட்ட பாத்தா போதும்... கம்பெனி பஸ்ஸுன்னு நெனச்சு ரோட்டுல எறங்கி கைய காட்டுறது. ஓட்டுறவன் என்ன பண்ணுவான்?

சத்யப்பிரியா: அஞ்சரை மணிக்கு ஸ்டாப்புல அவன் ஒருத்தன்தான் நின்னுகினு இருந்தான். பாத்தவங்க யாருமில்ல. அடையாளம் தெரியாத வண்டின்னு மட்டுந்தான் பேப்பர்ல வந்துச்சு. கை காட்டுனான்னு உங்களுக்கு யாரு சொன்னா?

கோதண்டராமன்: ...பொதுவா சொன்னேன்.

சத்யப்பிரியா: எந்தக் கைய காட்டுனான்?

கோதண்டராமன்: சத்யா... இதெல்லாம் எதுக்கு இப்ப?

சத்யப்பிரியா: எந்தக் கை சார்?

கோதண்டராமன்: இடது கை. வலது கையில சாப்பாட்டுப் பை இருந்துச்சு.

சத்யப்பிரியா: ஆமா. லெமன் சாதம். நான்தான் கட்டிக் குடுத்தேன்.

கோதண்டராமன்: ...நீயா?

சத்யப்பிரியா: என் தம்பி பகலவன். கான்ட்ராக்ட் ஆளு. பர்மனென்ட் ஆளுங்க எல்லாம் நீலக் கயித்துல ஐடி கார்ட மாட்டிகினு போவீங்க, இவனுக்கு செவப்புக் கயிறு.

கோதண்டராமன்: உன் தம்பின்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.

சத்யப்பிரியா: பொங்கல் முடிஞ்சு மொத தடவ வந்தீங்க, முன்பக்கம் ஆடுதுன்னு. இந்த லெஃப்ட் வீல கழட்டினேன். ஆக்சில்ல செவப்புக் கயிறு சுத்திகினு இருந்துச்சு. கிளிப்பு ஒடஞ்சுபோச்சுன்னு அதுல மஞ்ச நூலால தெச்சுக் குடுத்திருந்தேன். என் தையல எனக்குத் தெரியாதா?

கோதண்டராமன்: அப்பவே போலீசுக்குப் போயிருக்கலாமே...

சத்யப்பிரியா: ரோட்ல அறுந்து கெடந்த கயிறு, பின்னால வந்த எந்த வண்டியிலயும் சுத்திக்கும். தப்பு பண்ணாதவரு மேல பழியப் போட்டா பாவம். அதான் உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். காலையில போன் பண்ணி வண்டிய விக்கப் போறேன்னீங்க. வித்துட்டா அப்பால எனக்கு ஒண்ணும் மிஞ்சாது... பாக்கெட்ல போன் ரெக்கார்டு ஓடிகினு கீது சார்.

கோதண்டராமன்: நான் நிறுத்தினேம்மா. கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திட்டு கண்ணாடியில பாத்தேன். கீழ கெடந்தான்... அந்தக் கை மட்டும் மேல தூக்கினபடியே இருந்துச்சு. பஸ்ஸ நிறுத்துற மாதிரி.

சத்யப்பிரியா: அப்ப உயிர் இருந்துச்சு.

கோதண்டராமன்: ...இருந்துச்சு.

சத்யப்பிரியா: எறங்கல.

கோதண்டராமன்: பயந்துட்டேன். வேல போயிடும், ஜெயிலுன்னு... கண்ண மூடினா அந்தக் கைதான் வருது. எங்க வேணா வரேன், எழுதித் தரேன். இந்த ஆட்டத்த மட்டும் நிறுத்திடு. நின்ன வண்டியில கூட கைக்கு அதிருது பாரு. நாலு மாசமா நீதான் வீல்ல என்னவோ பண்ணி வச்சிருக்க... நீதானே?

சத்யப்பிரியா: மூணு தடவையும் வெயிட்ட உருவினது நான்தான் சார். நீங்க திரும்பி வரணும்னு. அது எண்பதுலதான் ஆடும். இன்னிக்கு எல்லா வெயிட்டையும் ஒட்டிட்டேன்... மெஷின்ல ஜீரோ காட்டுச்சு, இன்ஜினும் ஆஃப்ல கீது. ஸ்டியரிங்ல இருந்து கைய எடுங்க... எடுத்துட்டீங்களா? அது இன்னும் ஆடுது சார். எனக்கும் பயமா கீது.