ராணி தலை ரெண்டணா

“ராணி உள்ள போயிட்டா டாக்டர்,” என்று முன் இருக்கைக்காரர் செல்போனில் சொன்னதும் நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன். பூதலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ் அது. பக்கத்தில் அவர் மனைவி. அவள் மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை தாலிச்சரடை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

“ராணி தலை போட்ட வெள்ளி ரெண்டணாங்க. வெள்ளைக்காரன் காலத்துக் காசு, நான் சேக்குறேன். பாப்பா முழுங்கிடுச்சு.”

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார். “நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரச் சொல்றாரு. எக்ஸ்ரே எடுக்கணுமாம்.”

“தரையில பரப்பாதீங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்.”

“கதவைத் தட்டுனாங்கன்னு எழுந்திரிச்சேன். அதுக்குள்ள...”

“மூச்சு சரியா விடுறாளா பாருங்க.”

அவர் குனிந்து குழந்தையின் மார்பில் காதை வைத்தார். அது அவர் முடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“விடுது.”

“தொண்டையில நிக்குதோ என்னமோ. பால் குடுக்கவும் பயமா இருக்கு.”

“எதுவும் குடுக்க வேணாம்னாரு.”

முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வழி விடாமல் ஊர்ந்தது. அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“எல்லாத்தையும் யார்கிட்டயாவது தூக்கிக் குடுத்துடுறேன்.”

“அது கெடக்கட்டும். காசு எவ்வளவு பெருசுன்னு கேட்டா என்னங்க சொல்றது?”

அவர் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் நகம் அளவில் ஒரு வெள்ளிக் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். “அதோட ஜோடி. காட்டத்தான் கொண்டாந்தேன்.”

குழந்தை வாயைத் திறந்தபடி அதை நோக்கிக் கையை நீட்டியது.

“ஏங்க,” என்றாள் மனைவி, “அதை முதல்ல உள்ள வைங்க.”