போடாமலே தொடரவா?

சாமி, போனை அணைக்காமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஒரு போன் வர வேண்டியிருக்கிறது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதாக உபதேசியார் சொன்னார். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் இருதய அருணைக் கேள் என்பார்கள். அப்படித்தான் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். அங்கே மீனவர்களுக்கு ஒரு தகவல் மையம். காயத்ரி என்ற பெண் பார்த்துக்கொண்டது. கடல் மோசமென்று தகவல் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே ஒலிபெருக்கிக் குழாயில் சொல்லும். அதற்குக் காயத்ரியின் குரலை நான்தான் பதிவு செய்து வைத்தேன். குழாய் சத்தம் போடவில்லையென்றால் கடல் நன்றாக இருக்கிறதென்று ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

அது லினக்ஸ் மிஷின். மிஷினை எழுப்பிவிடுவதற்கென்று அதில் கிரப் என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. 2012இல் பழுதான டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த அப்டேட்டில் கிரப் பழைய டிஸ்க்கையே தேடி, கிடைக்காமல், மிஷின் படுத்துவிட்டது. நிஜமான பழுது, சாமி. பென் டிரைவில் எழுப்பி, புது டிஸ்க்கைக் காட்டி, கிரப்பைத் திரும்பப் போட்டேன். கால் மணி நேர வேலை. குப்பமே வாசலில் நின்றது. காயத்ரியின் அப்பா அரசப்பன் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மீன் குழம்பு ஊற்றினார். வீட்டில் என் தட்டை நானேதான் போட்டுக்கொள்கிறேன். அதனால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் உடைக்கவில்லை. அப்டேட் போடும்போது மிஷின் ஒரு கேள்வி கேட்கும்: கிரப் போடாமலே தொடரவா? ஆம் என்று கொடுப்பேன். கரண்ட் போகும் வரை மிஷின் நன்றாகவே ஓடும், போய் வந்தால் எழாது. அந்த வருஷம் கரண்ட் போகாத நாள் ஏது? உடனே காயத்ரி கூப்பிடும்.

“அண்ணா, மிஷின் படுத்துகிச்சி. ஜல்தி வாங்க. உங்கள விட்டா எங்களுக்கு யாரு கீறாங்க?”

தப்பான எண்ணம் எதுவும் கிடையாது. அது என்னை அண்ணா என்றது, நான் தங்கச்சியாகத்தான் பார்த்தேன். பதினோரு தடவை போய் வந்தேன்.

பன்னிரண்டாவது தடவை நவம்பரில். காலையில் கரண்ட் போய் வந்தது, மிஷின் எழவில்லை. போன் அடித்தது. நான் கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். முந்தின தடவை ஓடிப் போய் நின்றபோது சாப்பிடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பழகிவிட்டது அவர்களுக்கு. கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டேன். நாலு தடவை அடித்து ஓய்ந்தது.

குப்பத்தில் நடந்ததைக் காயத்ரி பிறகு சொன்னது. மிஷின் வரும்வரை போக வேண்டாமென்று அப்பாவையும் வீட்டுக்காரர் அரிபிரசாத்தையும் தடுத்திருக்கிறது. அரசப்பன் சிரித்தாராம்.

“இது படுக்கறது புதுசா? பதினோரு வாட்டி படுத்துச்சி. ஒரு வாட்டியாச்சும் கடலு பேஜாரு பண்ணிச்சா? நீ சோத்தக் கட்டும்மா.”

மதியம் மூன்று மணிக்குப் படகு கிளம்பியது. ஐந்து மணிக்குக் காற்று. அரசப்பன் இரண்டாம் நாள் கரை ஒதுங்கினார். அரிபிரசாத் வரவேயில்லை.

உடல் ஒதுங்கிய அன்றைக்குத்தான் நான் போனேன். எல்லோரும் மையத்துக்கு எதிரே கடற்கரையில் இருந்தார்கள். கால் மணி நேரத்தில் கிரப்பைப் போட்டு மிஷினை எழுப்பினேன். அதுவரை வராமல் நின்றிருந்த பழைய தகவல் உள்ளே வந்தது. நான் ஒயரைப் பிடுங்குவதற்குள் குழாய் பேசிவிட்டது. “இன்னிக்கி யாரும் கடலுக்குப் போவாதீங்க.” காயத்ரியின் குரல். அப்பாவின் உடல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கித் தன் குரலையே கேட்டது. இன்றைக்கும் அலை இல்லாத இடத்தில்கூட எனக்கு அந்தக் குரல் கேட்கிறது. தூக்கமே போய்விட்டது, சாமி.

அதன்பிறகு மனம் திருந்தி நாலு வருஷம் ஒழுங்காக வேலை செய்தேன். மிஷின் ஒரு நாளும் படுக்கவில்லை. போன வியாழக்கிழமை அப்டேட் போட நானாகவே போனேன். காயத்ரி டீ கொடுத்துவிட்டு, இப்போதெல்லாம் மிஷின் மக்கர் பண்ணுவதே இல்லை, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம் அண்ணா என்றது. நல்ல மனதோடுதான் சொன்னது. ஆனால் நாலு வருஷமாக அது ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மிஷின் பழைய கேள்வியைக் கேட்டது. ஆம் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அங்கே இன்னும் கரண்ட் போகவில்லை போலிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, சாமி. இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.