சன்னல் மேல் பழி

காபியைக் கலக்காமல் குடியுங்கள், தூள் அடியில் இருக்கிறது. என் அக்கா நெவென்கா நேற்றுக் காவல் நிலையத்துக்கு வந்து, தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாகச் சொன்னாள் என்றீர்கள். எப்படி என்று கேட்டதற்கு, சன்னலைத் திறந்து வைத்து என்றாளாம். உங்கள் ஆட்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் நீங்களும் செர்பியாக்காரர்தானே, முழுதாகச் சிரித்திருக்க முடியாது. எதிரெதிரே இரண்டு சன்னல்கள் திறந்திருந்தால் உங்கள் அம்மாவும் ஓடிவந்து ஒன்றைச் சாத்தியிருப்பாள். வீட்டுக்குள் குறுக்கே ஓடும் காற்றுக்கு ப்ரோமயா என்று ஒரு பேர் வைத்து, கழுத்துப் பிடிப்பு முதல் மரணம் வரை எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுகிறோம்.

அக்காவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அவள் யாரையும் கொல்லவுமில்லை. அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ். மருந்து கொடுப்பது டாக்டர் தானிகா. ஆபரேஷன் முடியும்வரை நோயாளியின் உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது நான். வெளியில் இருப்பவர்களுக்கு இது அற்ப வேலையாகத் தெரியும். மயக்கத்தில் உடம்புக்கு நடுங்கக்கூடத் தெரியாது. உள்ளே இருக்கும் சூடு கசிந்து போய்க்கொண்டே இருக்கும். இரண்டு டிகிரி குறைந்தாலே இரத்தம் சரியாக உறையாது, தைத்த இடம் ஆறாமல் சீழ் வைக்கலாம். அதனால் ஏற்றுகிற திரவத்தைச் சூடாக்கித்தான் ஏற்றுவோம். மேலே காகிதம் போன்ற இரட்டைப் போர்வையை விரித்து, அதற்குள் குழாய் வழியாகச் சூடான காற்றை ஊதுவோம். டாக்டர் தானிகா இந்தக் கருவியைக் கொண்டுவந்தபோது, திறந்த வயிற்றுக்குப் பக்கத்தில் காற்றா, இது ப்ரோமயா இல்லையா என்று சர்ஜனே பயந்தார். அவரைச் சமாதானப்படுத்தியவள் நான்.

அத்தான் பிளகோயே நல்ல மனிதர். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவை அடித்ததில்லை, குடித்துவிட்டுக் கத்தியதில்லை. ஆஸ்திரியாவில், கிராட்ஸில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார், அவ்வளவுதான். வீட்டை விற்கக்கூடப் பேசியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குடலில் ஒரு கட்டி. சின்னதுதான், வெட்டி எடுத்தால் போதும், கோடை முடிந்ததும் புறப்படலாம் என்றார்கள். அக்காவுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. அங்கே போனால் வாடிப்போவாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை, புதுப் பெட்டி வாங்கி வைத்துவிட்டாள்.

ஆபரேஷன் அறை வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்குக் குளிரு ஆகவே ஆகாதுடி மிலுங்கா. நீ உள்ள இருக்கன்னுதான் நான் தைரியமா இருக்கேன்.”

தள்ளுகட்டிலில் இருந்த அத்தான் தலையைத் தூக்கினார். “மச்சினி, பீப்பாயில உப்புத் தண்ணில ஊறுற முட்டைக்கோசு மாதிரி என்னைச் சில்லுனு ஆக்கிடாத. உங்கக்கா அதையும் மூட்டை கட்டி கிராட்ஸுக்குத் தூக்கிட்டு வருவா.”

“பேசாம படுங்க அத்தான். உங்க உடம்புக்குப் போட எங்ககிட்ட அவ்வளவு உப்பு கிடையாது,” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

உள்ளே, அவரை மூடிய துணிகளுக்கு அடியில் கையை விட்டு, போர்வையிலிருந்து குழாயைக் கழற்றித் தரைப் பக்கம் திருப்பிவைத்தேன். கருவி ஓடிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சல் கேட்டால் யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். திரவத்தைச் சூடாக்கும் பெட்டியை அணைத்தேன். நீண்ட ஆபரேஷன். டாக்டர் தானிகா அவ்வப்போது சூடு எவ்வளவு என்று கேட்டாள். முப்பத்தாறரை என்றேன். என் கையில் இருந்த தெர்மாமீட்டர் முப்பத்துநாலுக்குக் கீழே காட்டியது. அத்தானின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது.

நான் விரும்பியது தாமதம் மட்டுமே. தையல் ஆற நாளாகும், கோடை போய்விடும், குளிர்காலத்தில் யார் வீடு மாறப்போகிறார்கள், பிறகு அந்தப் பேச்சே அடங்கிவிடும் என்று நினைத்தேன். தையல் நினைத்தபடியே ஆறவில்லை. சீழ் இரத்தத்தில் கலக்கும் என்று நினைக்கவில்லை.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. வார்டில் மூச்சு முட்டுகிறது என்று அத்தான் சொன்னதால் அக்கா சன்னலைத் திறந்தாள். அதே நேரம் அவருடைய அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காற்று கட்டில் மேல் குறுக்கே ஓடியது. அன்று மாலை காய்ச்சல் ஏறியது.

“அடிப்பாவி, வயித்தைக் கிழிச்சுக் கெடக்குறவனை ப்ரோமயால போட்டுட்டியேடி,” என்று அந்த அம்மா வார்டே கேட்கும்படி அழுதாள். அத்தான் இறந்த பிறகு ஊரும் அதையே பேசியது.

நாற்பதாம் நாள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அக்கா என்னிடம் கேட்டாள். “நீ ஆஸ்பத்திரிக்காரி. எனக்காகப் பொய் சொல்லாத. நான் சன்னலத் தொறந்ததுதான் காரணமா?”

இல்லை என்று சொல்லியிருந்தால், பின்னே எதனால் என்று கேட்டிருப்பாள்.

“யாருக்குத் தெரியும்க்கா,” என்றேன். “தொறக்காம இருந்திருக்கலாம்.”

அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். மகள் பலமுறை கூப்பிட வந்தாள். உன் அப்பாவைக் கொன்றுவிட்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டாள். கோடையிலும் சன்னல் இடுக்குகளில் துணி திணித்து வைக்கிறாள். சாப்பாடு இறங்குவதில்லை, நான்தான் சூப் வைத்து ஊட்டிவிடுகிறேன். இரவில் அழுதால் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். என்னைப்போல் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள், சொல்லுங்கள்.

ஆக, அத்தானைக் கொன்றது நான். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அக்காவிடம் வேறு ஏதாவது குற்றம் சொல்லி என்னைக் கூட்டிப் போங்கள், மருந்து திருடினேன் என்று சொன்னாலும் சரி. அவள் வாரம் தவறாமல் சிறைக்கு என்னைப் பார்க்க வருவாள். உண்மை தெரிந்தால் கிராட்ஸுக்குப் போய்விடுவாள்.