மண்டோர் வீட்டு ஆடு

அம்சவள்ளி: ...சரி, இந்தச் சிலையில இது கொம்பு. கீழ இந்த ஓட்டை?

சிவானந்தம்: வாய்தான்கா. ஆடு கத்துது.

அம்சவள்ளி: இம்மாம் பெரிய வாயா? முழங்கை வரைக்கும் உள்ள போவுது, ஆபீசர் சார்.

சிவானந்தம்: தோட்டத்துல வேல வாங்குற மண்டோர் வீட்டு ஆடுன்னா சும்மாவா? கணக்கெழுதுற கிராணி கொடியில காயப்போட்ட சிலுவார முழுங்குன வாய் லா அது.

அம்சவள்ளி: நேத்து சட்டைன்னீங்க.

சிவானந்தம்: நேத்து சட்டை... இன்னிக்கு சிலுவார். அதுக்குப் பசி அடங்கல.

அம்சவள்ளி: நல்லவேள நீங்க இருந்தீங்க. கோல சிலாங்கூர்ல மொத தடவையா, கண்ணு தெரியாதவங்களுக்குத் 'தொட்டுணரும் கலை விழா'ன்னு ரேடியோவுல கத்துனாங்க. வந்து பிரேய்ல் அட்டையத் தடவுனா வழுவழுன்னு இருக்கு!

சிவானந்தம்: அச்சுக்கடையில புள்ளி பூராவும் கறுப்பு மையில அடிச்சிட்டாங்க. பாக்க ஜோரா இருக்குக்கா.

அம்சவள்ளி: பாக்குறவங்களுக்கு.

சிவானந்தம்: ஆமாக்கா, பாக்குறவங்களுக்குத்தான்.

அம்சவள்ளி: 'தோட்டத்து வாசம்'னு ஒரு பெட்டி வச்சீங்களே, ஏன் அது சோப்புக் கட மாதிரி மணக்குது?

சிவானந்தம்: ரப்பர் ஒட்டுப்பால் நாத்தத்துல டத்தோ சம்சாரம் டத்தினுக்குத் தல சுத்திருச்சு. லெவண்டர் தெளிக்கச் சொல்லிட்டாங்க.

அம்சவள்ளி: விழாவத் தெறந்து வச்ச டத்தோ கண்ணக் கட்டிக்கிட்டு சுத்தி வந்தாராமே? எங்க வேதன புரிஞ்சிருச்சுன்னு அழுதாராம்?

சிவானந்தம்: ரெண்டு நிமிசம். போட்டோக்காரரு வெளிச்சம் பத்தலன்னாரு... மறுபடி ஒரு வாட்டி அழுதாரு.

அம்சவள்ளி: எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. இன்னிக்குத்தான் கேட்டிருக்காங்க.

சிவானந்தம்: என்னான்னு?

அம்சவள்ளி: மூணு மணிக்கு நிறைவு விழா. மேடையேறி, இந்தச் சிற்பத்துல நான் என்னா உணர்ந்தேன்னு பேசணுமாம். இதச் செஞ்ச சரண் சாரே போன் பண்ணாரு.

சிவானந்தம்: பே... பேசணுமா? என்னன்னு பேசப்போறீங்க?

அம்சவள்ளி: வேற என்னா? ஆட்டப் பத்தித்தான்.

சிவானந்தம்: அக்கா... ஆடு வேணாம்.

அம்சவள்ளி: ஏன்? நல்ல ஆடு.

சிவானந்தம்: இப்படி உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்... நான் விளக்கம் சொல்ற ஆபீசர் இல்ல.

அம்சவள்ளி: ம்.

சிவானந்தம்: வாசல் கேட்டுல காவல் நிக்கிற ஜாகா. மொத நாளு அந்த அட்டையத் தடவித் தடவி ஒத்தையா நின்னீங்க. ஒருத்தரும் பக்கத்துல வரல. படிச்சுச் சொல்லலாம்னு வந்தேன். பூரா இங்கிலீசு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும்தான்... தெரியலன்னா போயிருவீங்க. வாயில ஆடுதான் வந்துச்சு.

அம்சவள்ளி: அப்ப கிராணி?

சிவானந்தம்: கிராணியே இல்லக்கா. மேடையில ஆடுன்னு சொன்னீங்கன்னா, டத்தோ முன்னாலயே என் வேல போயிரும். மன்னிச்சிருங்க. நாளெல்லாம் நிக்கிறேன்... கேட்டத் தெறன்னு சொல்றதத் தவிர யாரும் எங்கிட்ட வாயத் தெறக்கறதில்ல. நீங்க 'அப்புறம்?'னு கேட்டீங்களா... எனக்கு நிறுத்தத் தெரியல.

அம்சவள்ளி: பயப்படாதீங்க தம்பி. 'ரொம்ப ஆழமா இருந்துச்சு'ன்னு சொல்லிட்டு எறங்கிருவேன். கை தட்டுவாங்க.

சிவானந்தம்: கோவம் இல்லியா?

அம்சவள்ளி: எந்த ஆபீசர் இடுப்புல அத்தன சாவி குலுங்குது? ஜாகான்னு மொத நாளே தெரியும்.

சிவானந்தம்: ஆடு... பொய்யின்னு?

அம்சவள்ளி: அதுவுந்தான். அன்னிக்கு வெளிய போறப்ப ஒரு காலேஜ் பொண்ண அட்டையப் படிக்கச் சொன்னேன். தமிழ்லயே சொல்லிட்டா.

சிவானந்தம்: தெரிஞ்சுமா நாலு நாளா அசாம் ஜாவாலேர்ந்து பஸ் ஏறி வந்தீங்க? அப்படி என்னதான்கா போட்டிருக்கு அதுல?

அம்சவள்ளி: 'தனிமையின் வெற்றிடம்'னு போட்டிருக்காம். அது எங்க வீட்டுலயே வேண்டிய மட்டும் கெடக்கு லா... அதத் தொட்டுப் பாக்கவா பஸ் ஏறி வருவேன்?